இரும்பில் வார்த்த ‘ஆனால்’

தமிழ் மொழிக்கு இரும்பில் ‘ஆனால்’ செய்து கொடுத்த முதல் குடும்பம் எங்கள் குடும்பம்தான். அதுவரை புலவர்கள் அதை வெறும் வாயால் சொல்லியும் மையால் எழுதியுமே காலம் தள்ளினார்கள். தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும் ‘ஆனால்’, கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில் உள்ள எங்கள் வார்ப்படப் பட்டறையில்தான் பிறந்தது.

இந்தப் பெருமையில் பாதி, என் பேத்தி தேஜா இரண்டாம் வகுப்பு படிக்கும் பள்ளிக்குச் சேர வேண்டும். அங்கே பாடம் நடத்துவதில்லை, ‘செயல்பாடு’ நடத்துகிறார்கள். தப்பாக எழுதினால் தப்பு என்று சொல்வதில்லை. ‘வளர்ந்து வருகிறது’ என்கிறார்கள். நான் படித்த காலத்தில் வாத்தியார் கைபட்டு வளர்ந்தது என் காது மட்டும்தான்.

அந்தப் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘இரண்டு வாக்கியங்களை இரண்டு ரயில் பெட்டிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்புச்சொல்தான் நடுவில் உள்ள கொக்கி. வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு குழந்தை தன் கையாலேயே அந்தக் கொக்கியைச் செய்து வரட்டும்.’

தேஜா இரண்டு தீப்பெட்டிகளை நூலால் கட்டி, நடுவில் ‘ஆனால்’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். விரலெல்லாம் பசை.

“அப்பாரு, நானே செஞ்சுபோட்டேனுங்க!”

பார்த்தேன். நூல் தொங்கியது. அவள் வகுப்பில்தான் பம்புசெட்டு கம்பெனி திருமலைசாமியின் பேரனும் படிக்கிறான். திருமலைசாமி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், கிட்டத்துப் போட்டி. அவர் கண் முன்னால் இந்தக் கந்தப்பன் குடும்பத்துப் பிள்ளை தீப்பெட்டியோடு போய் நிற்பதா? தீப்பெட்டியைப் பணிவோடு வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

“மாமா, பாப்பா செஞ்சதே போதுமுங்க. கொழந்தை கையாலன்னுதான போட்டிருக்குது?” என்றாள் மருமகள் மோகனப்பிரியா.

“வீட்டுல கெடைக்கிற பொருளுன்னும் போட்டிருக்குதல்ல அம்மணி? நம்மூட்டுல கெடைக்கிறது லேத்துதான்.”

அன்றைக்கே போர்மேன் மைதீன் பிச்சையைக் கூட்டிக்கொண்டு போத்தனூர் ஜங்ஷனுக்குப் போனேன். எதையும் அசலைப் பார்த்துச் செய்வது எங்கள் வழக்கம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து அவர் டேப்பு பிடித்துக்கொண்டிருந்தபோது ரயில்வே போலீஸ்காரர் வந்துவிட்டார்.

“இங்க என்னய்யா வேலை?”

“ரெண்டாங் கிளாசு வீட்டுப்பாடமுங்க” என்றார் மைதீன் பிச்சை.

அரை மணி நேரம் உட்கார வைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். கல்விக்காக நாங்கள் பட்ட துன்பங்களில் இது முதலாவது.

அப்புறம் எட்டு நாள் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. ‘ஆனால்’ என்ற எழுத்தோடு ரயில் கொக்கிக்கு மர அச்சு செய்து, மண்ணில் பதித்து, உருக்கி ஊற்றி, ஆற வைத்து, கடைந்து, பச்சைப் பெயிண்டு அடித்தோம். எடை முப்பத்தொரு கிலோ.

“மொதலாளி, பாப்பாவுக்கு வயசு ஏழுங்க. இதை எப்படிங்க தூக்கும்?” என்றார் மைதீன் பிச்சை.

“வளராமயா போயிரும்?” என்றேன்.

கொக்கிகளைப் பள்ளியில் கண்காட்சியாக வைத்த நாளன்று டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு ஆள் பிடித்து இறக்கினோம். திருமலைசாமி முன்னமே வந்திருந்தார். அவருடையது ‘அதனால்’. அரை எச்.பி. மோட்டாரில் விளக்கு மினுங்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, உங்குளுது சுத்தாதுங்களா?” என்றார்.

“சுத்தறது அதனாலோட புத்திங்க. ஆனால்ங்கிறது ஒரு எடத்துல நிக்கோணும். அதுக்குன்னு ஒரு மருவாதி இருக்குதல்லங்க?”

தேஜா மெல்ல வந்து கையை நீட்டினாள்.

“தொடாத கண்ணு! பெயிண்டு போயிரும்!”

எனக்குப் பின்னால் சுவரில் ‘தொட்டுக் கற்போம்’ என்று வண்ண எழுத்தில் ஒட்டியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். நல்ல வாசகம்.

வகுப்பாசிரியை ஃபர்சானா இரண்டு கொக்கிகளையும் சுற்றிவந்து பார்த்தார். “ரொம்ப நேர்த்தியா இருக்குதுங்க. செஞ்சது யாருங்க?”

பேத்தி என்று சொல்லியிருக்கலாம். பொய் எங்கள் குடும்பத்தில் கிடையாது. தவிர, திருமலைசாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாந்தானுங்க!” என்றேன்.

“நானுந்தானுங்க!” என்றார் திருமலைசாமி. என்னிடம் தோற்க அவருக்கு எப்போதுமே மனம் வராது.

“சந்தோசமுங்க. அப்படின்னா மதிப்பீடும் உங்க ரெண்டு பேருக்குத்தானுங்க. இப்படி வந்து உக்காருங்க.”

முழங்கால் உயரத்து நாற்காலிகளில் எங்களை உட்கார வைத்தார். முழங்கால் முகவாயை இடித்தது. மாணவர்களுக்குக் கொடுப்பதுபோல் ஆளுக்கு ஒரு பென்சில் கொடுத்தார். பிறகு குழந்தைகளைத் தரையில் விட்டு, பழைய செய்தித்தாளும் பசையும் கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொன்னார். தேஜாவும் திருமலைசாமியின் பேரனும் ஒரே பசை டப்பாவுக்குள் கை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு குடும்பங்களுக்கு இடையே அப்படி ஒரு சிரிப்பு இருபது வருடத்தில் கேட்டதில்லை. எங்களால் எழுந்து போய்த் தடுக்கவும் முடியவில்லை. நாற்காலி இடுப்போடு சேர்ந்து எழுந்தது.

சாயங்காலம் மதிப்பீட்டு அட்டை தந்தார்கள். ‘மாணவர் பெயர்: கந்தப்பன்’ என்று அச்சடித்தாற்போல் எழுதியிருந்தது. எழுபத்திரண்டு வயதில் எத்தனை பேருக்கு இப்படி ஓர் அங்கீகாரம் கிடைக்கும்? வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொல்லி, உரக்கப் படித்தேன்.

“கைவேலை மிக நேர்த்தி. உழைப்புக்கு அஞ்சாதவர். ஆனால் பக்கத்தில் இருக்கும் குழந்தையின் வேலையைப் பிடுங்கிச் செய்துவிடுகிறார். ஏனென்றால் வீட்டில் இவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஒழுங்கு உண்டு. மோகனப்பிரியா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்; அங்கே எதற்காகவோ தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

அட்டையின் அடியில் ‘பாதுகாவலர் கையொப்பம்’ என்ற இடம் காலியாக இருந்தது. நான் பேனாவைத் தேடுவதற்குள் தேஜா அட்டையை வாங்கி, தரையில் குப்புறப் படுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதி என்னிடம் நீட்டினாள்.

“மிஸ்ஸு கேட்டா, இதையும் நீங்க போட்டதுன்னு சொல்லிப்போடாதீங்க அப்பாரு.”