மேலாளர் மேசையில் எறும்பு

சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, காதைச் சுவரோடு ஒட்டினார்.

அவர் ஒன்றும் பிறவி மேலாளர் அல்ல. போன மாதம்வரை அதே ஆஸ்பத்திரியில், அதே சுவருக்கு அந்தப் பக்கம், ஊழியர் ஓய்வறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த நர்ஸ்தான். ஒருநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டு, "இனிமே நீங்கதான் மேலாளர். வார்டு ஒரு பக்கம் இழுக்குது, லேப் ஒரு பக்கம் இழுக்குது. எல்லாரையும் ஒண்ணா இழுக்க வைக்கணும்" என்று சொல்லி, ஓர் அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்தார். நாற்காலி எல்லாப் பக்கமும் சுழன்றது. எந்தப் பக்கம் சுழன்றாலும் பேச ஆள் இல்லை.

பதவி வந்ததில் அவருக்குப் பறிபோனது நாலு மணி டீ. ஓய்வறையில் பெரிய சிஸ்டர் டீ போடுவார். ரத்தம் எடுக்கும் லேப்காரர் கதை விடுவார். அவரைக் காட்டேரி என்று சொன்னால்தான் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன் அந்தக் கதையை நம்புவார். நம்பிய பிறகு எல்லாரும் சிரிப்பார்கள். அங்கே இவருக்கென்று ஒரு முக்காலி, கைப்பிடி உடைந்த ஒரு நீலக் கோப்பை. பதவியேற்ற அன்று கோப்பையை அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தார். மேலாளர் அறையில் சாஸரோடு ஆறு கோப்பைகள் இருந்தன. ஆறிலும் தனியாகக் குடிக்கலாம்.

காதைச் சுவரிலிருந்து எடுத்தார். போய்த்தான் பார்த்துவிடுவோமே!

கதவைத் திறந்தார். சிரிப்பு, மின்சாரம் போன மாதிரி நின்றது. எல்லாரும் எழுந்தார்கள்.

"உட்காருங்க, உட்காருங்க. நான் சும்மாதான்..."

"இல்ல சார், ஏழாம் பெட்டைப் பார்க்கணும்" என்றார் பெரிய சிஸ்டர்.

"ஏழாம் பெட் காலியாத்தானே இருக்கு?"

"அதான் சார். காலியாத்தான் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடறேன்."

ஸ்ட்ரெச்சர் அண்ணன் கொதிக்கக் கொதிக்க இருந்த டீயை ஒரே மடக்கில் விழுங்கினார். அன்று மாலை முழுவதும் அவர் பேசியது ஒருவருக்கும் புரியவில்லை. வெளியூர் டாக்டர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து நோயாளிகள் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

மேலாளருக்கு வலித்தது அந்த 'சார்'தான். பெரிய சிஸ்டர் அவரைத் 'தம்பி' என்பார். காட்டேரி 'மாப்ளே' என்பார்; அது போன மாதம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"சார்னு கூப்பிட்டாங்க."

"நல்லதுதானே. நானும் கூப்பிடட்டுமா?"

"கிண்டல் பண்ணாதே."

"சரி சார்."

ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். மேலாளர் கையில் அதிகாரம் இருக்கிறதே! நாலு மணி டீயை ஆஸ்பத்திரியின் வேலையாகவே ஆக்கிவிட்டால், அவர் அங்கே உட்காருவது கடமையாகிவிடும். சுற்றறிக்கை போட்டார். 'குழு ஒருங்கிணைப்புக் கால்மணி' என்று அதற்குப் பெயரும் வைத்தார். பெயரை எழுதும்போதே டீ ஆறிப்போன மாதிரி இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எல்லாரும் வந்தார்கள். கூட்ட அறையில் நீள மேசைக்கு இரண்டு பக்கமும், தலை வாரி, ஃபைலோடு உட்கார்ந்தார்கள். கேன்டீனிலிருந்து காகிதக் கோப்பையில் டீ வந்தது. சோதனைக்கு வந்த மாதிரி ஆளுக்கொரு கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மேலாளரைப் பார்த்தார்கள்.

இறுக்கத்தைத் தளர்த்த அவர் தன் பழைய சரக்கை எடுத்து விட்டார். மயக்க ஊசி போட வந்த டாக்டர் தூங்கிப்போனதும், நோயாளி அவருக்குப் போர்த்திவிட்டுத் தானே நடந்து வீட்டுக்குப் போனதுமான கதை. அந்தக் கதைக்குக் காட்டேரி ஒரு காலத்தில் முக்காலியிலிருந்து உருண்டு விழுந்திருக்கிறார். இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

மறுநாள் கூட்டக் குறிப்பு மேசைக்கு வந்தது. 'மேலாளர் ஒரு நகைச்சுவை கூறினார். உறுப்பினர்கள் சிரித்தனர். அடுத்த கூட்டத்திலும் இதைத் தொடர முடிவு செய்யப்பட்டது.'

மேலாளர் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றார். அதற்கும் ஒரு சுற்றறிக்கை போட வேண்டியிருந்தது.

அதோடு சனி விட்டது என்றுதான் நினைத்தார். நாலு மணிக்குச் சுவரில் காதை வைத்தால் போதும், உள்ளே போக வேண்டாம், சிரிப்பாவது மிஞ்சும். காதை வைத்தார். சுவர்தான் இருந்தது, சிரிப்பைக் காணோம்.

இடத்தை மாற்றிவிட்டார்கள்! தன் காதுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்! அந்த நிமிஷமே பின்படி வழியாக இறங்கித் தேடினார், அகப்படவில்லை.

மறுநாள் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அறையை விட்டுக் கிளம்பினார். அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே தற்செயலாக நுழைவது என்று திட்டம். போர்வை, தலையணை உறை அடுக்கும் அறையில் பார்த்தார். டீ இல்லை. ஆனால் வார்டுக்கு வார்டு 'உறை இல்லை, உறை இல்லை' என்று அழுதுகொண்டிருந்தார்களே, அந்த உறையெல்லாம் ஒரு மூலையில் மலையாக ஒளிந்திருந்தன. அனுப்பி வைத்தார். அடுத்த நாள் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் தேடினார். டீ இல்லை. தொலைந்துபோன சக்கர நாற்காலிகள் எல்லாம் அங்கே மாநாடு போட்டிருந்தன. கலைத்துவிட்டார். மருந்துக் கிடங்கு, துணி வெளுக்கும் இடம், ஆம்புலன்ஸின் உட்புறம், ஜெனரேட்டர் அறை, எங்கேயும் விடவில்லை. போகிற வழியில் கை ஓயாத நர்சுக்காக டிரிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வராந்தாவில் பாதை தெரியாமல் நின்ற கிழவரைக் கொண்டுபோய் விட்டார். ஊழியர்கள் அங்கேயே குறை சொன்னார்கள், அங்கேயே தீர்த்துவைத்தார். டீயை மட்டும் காணவில்லை.

ஒருநாள் காலை மாடிப்படியில் காட்டேரி எதிரே வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "சார்... நாலு மணிக்கு எப்பவும் பிஸிதானா?" என்று கேட்டார்.

மேலாளருக்குச் சுருக்கென்றது. நான் எப்போது தொலைவேன் என்று வேவு பார்க்கிறார்கள்!

"ஆமா. ரவுண்ட்ஸ்" என்றார் விறைப்பாக.

"சரி சார்" என்று காட்டேரி இறங்கிப் போனார். அவர் முதுகு கொஞ்சம் தொங்கியிருந்தது. மேலாளர் அதைக் கவனித்தார். குற்றமுள்ள முதுகு என்று முடிவு செய்தார்.

இந்த லட்சணத்தில் எறும்பு வேறு. அவர் மேசையில், டெலிபோனுக்கும் காலண்டருக்கும் நடுவே, நெடுஞ்சாலை போட்டு நடந்தன. மத்தியானச் சாப்பாட்டை அறையில் சாப்பிடுவதை நிறுத்தினார். எறும்பு கூடியது. பவுடரால் கோடு கிழித்தார். அவை டெலிபோன் ஒயர் மேலேறிச் சுற்றி வந்தன. மேசையில் வட்டவட்டமாகப் பிசுபிசுப்பு. துடைக்கிறவர் சரியாகத் துடைக்கவில்லை என்று நினைத்தார். ஜன்னலைப் பார்க்க வைத்துவிட்டுப் போகும் நாற்காலி, திரும்பி வரும்போது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேச ஆளில்லாமல் அதுவும் தானாகச் சுழல ஆரம்பித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சாவிக்கொத்தெல்லாம் தொங்கும் அறை, யாருக்கு எப்போது வேண்டுமோ, பூட்டவும் முடியாது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"எப்படிய்யா பண்ணினீங்க? பெட்டுல மணி அடிச்சா ஆள் உடனே போறாங்க. லேப் ரிசல்ட் கேக்குறதுக்கு முன்னாடி வந்துடுது. வார்டும் லேப்பும் ரத்தக் குப்பிக்கு அடிச்சுக்கிறதே நின்னுபோச்சே!"

வார்டு–லேப் சண்டையை மேலாளர் தீர்க்கவே இல்லை. எப்படித் தீர்ந்தது என்று அவருக்கே புரியவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல, டாக்டர். நாலு மணிக்கு நடந்தேன், அவ்வளவுதான்."

"அதான்! மேலாளர்னா நடக்கணும். இனிமே நாலு மணிக்கு நீங்க உங்க ரூம்ல உட்காரவே கூடாது. இது என் உத்தரவு."

ஆக, தேடினால் கிடைக்காது, தேடாமல் இருக்கவும் கூடாது என்று ஆயிற்று. வீட்டில் மனைவி, "கல்யாணமான புதுசுல என்னைக்கூட நீங்க இப்படித் தேடல" என்றார்.

"நீ எங்கயும் ஓடிப் போகலையே."

"சொல்லியிருந்தா ஓடியிருப்பேனே!"

அந்த மாதமே பெரிய டாக்டர் மறுபடி கூப்பிட்டார். தலைமை அலுவலகத்தில் இடம் காலியாம். ஊருக்கு அந்தக் கோடியில் கட்டடம். எல்லாக் கிளைகளுக்கும் இவர் நடக்கச் சொல்லித்தர வேண்டுமாம். "சாயங்காலத்துக்குள்ள போன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்தப் பாழாய்ப்போன சுவர் இந்தக் கட்டடத்தில்தானே இருக்கிறது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தப் பக்கம் மறுபடி யாராவது சிரிப்பார்கள். அதைக் கேட்கவாவது இங்கே இருக்கலாம்.

அன்று நாலு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பும்போது, முதுகில் மருந்து டப்பாவோடு ஓர் ஆள் வாசலில் நின்றார். எறும்புக்கு மருந்து அடிக்க ஆள் கேட்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நீங்க உள்ள இருந்து, எங்கேருந்து வருதுன்னு நல்லாப் பாருங்க. நான் ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்."

"நிதானமா வாங்க சார். எறும்புகிட்ட அவசரம் காட்டக் கூடாது."

போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை; போவதானால் இதுதான் கடைசிச் சுற்று. மேலாளர் வேறெங்கும் போகவில்லை, நேராக ஓய்வறைக்குப் போனார். ஆள் இல்லை. முக்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தன்னுடைய முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சை இடித்தது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய உடம்பு. இங்கே உட்கார்ந்துதான் தன் முதல் சம்பளக் கதையைச் சொன்னார். மகள் பிறந்த சேதி வந்ததும் இங்கேதான். காட்டேரி டீயைத் தலையில் கொட்டி ஆசீர்வாதம் பண்ணினார். எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு கோப்பையாவது எடுத்துக்கொண்டு போகலாம், ஞாபகத்துக்கு.

நீலக் கோப்பை இல்லை.

எல்லாத் தட்டுகளிலும் பார்த்தார். பஞ்சுப் பொட்டலத்துக்குப் பின்னால்கூடப் பார்த்தார். அது இருந்த இடத்தில் வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது.

தூக்கிப் போட்டுவிட்டார்கள். கைப்பிடி உடைந்ததுதானே, யார் வைத்துக்கொள்வார்கள்? அலமாரியை மெதுவாகச் சாத்தினார். பிறகு வராந்தாவின் கடைசி ஜன்னல்வரை போய், வெளியே ஒன்றும் இல்லாததை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறைக்குத் திரும்பியபோது மருந்து டப்பாக்காரர் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு திருப்தி. நாற்காலி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடிச்சாச்சா?"

"இல்ல சார். அடிச்சும் பிரயோஜனமில்ல."

"சரி, விடுங்க. இனிமே யாரோ வர்றாங்க, அவங்க பாடு, எறும்பு பாடு." மேலாளர் உட்கார்ந்து போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"ஹலோ!" என்றது பெரிய டாக்டரின் குரல். "சொல்லுங்க, போறீங்கதானே?"

மேலாளர் வாயைத் திறந்தார்.

டப்பாக்காரர் மீசையிலிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். "எறும்பு மேல ஒரு தப்பும் இல்ல சார். தினமும் நாலு மணிக்கு இந்த மேசையைச் சுத்திக் கூடி, ரத்தக் குப்பிக் கணக்கைக்கூட இங்கேயே பேசித் தீர்த்துக்கிறாங்களே, ஒரு பெரிய சிஸ்டர், ரத்தம் எடுக்குறவரு, ஸ்ட்ரெச்சர்காரரு, அவங்க பிஸ்கட்டைச் சிந்தாமத் தின்னாலே போதும்."

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"எனக்கும் ஊத்திக் குடுத்தாங்க சார், நல்ல மனுசங்க, ஆனா கைப்பிடி உடைஞ்ச நீலக் கப்பு ஒண்ணு நிறைய ஊத்தி வச்சு ஆறிக்கிட்டே கிடந்துச்சு, அதைத் தொடப் போனேன் பாருங்க, 'வையுய்யா கீழ, அது எங்க மாப்ளையோடது, கூப்பிட்டா மீட்டிங் போட்டுடுவான், அதான் தானா வரட்டும்னு தினமும் வந்து காத்துக்கிட்டிருக்கோம், நாலு மணியானா அந்தப் பய எங்கதான் ஓடித் தொலையிறானோ'ன்னு சண்டைக்கே வந்துட்டாங்க."