துக்க வீட்டில் நெத்திலிக் கருவாடு

சட்டைப்பையில் கருவாட்டோடு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரே மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து நான்தான். இதையெல்லாம் வெளியில் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்கிறாள் என் மனைவி ரேவதி. எனக்கோ பெருமையாகத்தான் இருக்கிறது.

எல்லாம் வீரனால் வந்தது. கடலூர் துறைமுகத்தில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, யாரோ வெந்நீர் ஊற்றி முதுகு வெந்துபோய்க் கிடந்த பூனை. வீட்டுக்குத் தூக்கிவந்து வைத்தியம் பார்த்தேன். புண் ஆறியது, பயம் ஆறவில்லை. மனிதக் கால் தெரிந்தாலே பீரோவுக்குப் பின்னால் ஓடிவிடுவான். (அப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளிக்கு வீரன் என்று பெயர் வைத்ததும் நான்தான்.)

“இது பூனயே இல்லிங்க, பீரோவுக்குப் பின்னால ஒரு நாத்தம். அவ்ளோதான்,” என்றாள் ரேவதி. “தீபாவளிக்குள்ள நாலு பேரு முன்னால வரலன்னா, எடுத்த எடத்துலயே கொண்டுபோயி வுட்டுடுங்க.”

அங்கே அந்த வெந்நீர்க்காரன் இருந்தான். அன்று ராத்திரியே செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பாடம் படித்தேன். மிரட்டக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது. பூனை ஓர் அடி முன்னால் வைத்தால் ஒரு சத்தம் கொடுத்து, கையோடு ஒரு தின்பண்டம் தர வேண்டும். சத்தம் கேட்டும் தீனி வராவிட்டால் நம்பிக்கை போய்விடும். சத்தத்துக்கென்று ஒரு கருவி வாங்கச் சொன்னார்கள். நாக்கு எதற்கு இருக்கிறது என்று நான் ‘ச்சு’ கொட்டினேன். தின்பண்டம், நெத்திலிக் கருவாடு.

மாதக்கணக்கில் தரையில் குப்புறப் படுத்து ச்சு கொட்டியதில், வீரன் என் உள்ளங்கையில் வந்து தின்ன ஆரம்பித்தான். ஆனால் என்னிடம் மட்டும். வேறு யார் வந்தாலும் பழையபடி பீரோதான்.

அந்த நேரம் பார்த்து சிதம்பரத்தில் ரேவதியின் பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடியும்வரை அங்கே தங்க வேண்டும். வேறு கையில் வீரன் சாப்பிட மாட்டான் என்பதால் அவனையும் கூடையில் வைத்து எடுத்துப் போய்ப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்று யாரும் சொல்லவில்லை. அவனுடைய நெத்திலி, காகிதத்தில் மடித்து என் சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உறவெல்லாம் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சுவரில் சாய்ந்திருந்தார். கீரப்பாளையத்துச் சித்தப்பா ஆரம்பித்தார்.

“மொத நாளு ராத்திரிகூட நல்லா பேசிகினு இருந்தாராம்... ச்சு!”

“ச்சு, ச்சு,” என்றது மொத்தக் கூடமும்.

பின்னறைக் கதவு அசைந்தது. வாலை நிமிர்த்திக்கொண்டு வீரன் வந்தான்.

என் வீரன்! அத்தனை கால்களுக்கு நடுவே! எனக்குக் கண் கலங்கிவிட்டது. (மாப்பிள்ளை துக்கம் தாங்காமல் அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.) அவன் நேரே சித்தப்பாவிடம் போய் அவர் கையைப் பார்த்தான். பிறகு ச்சு கொட்டிய ஒவ்வொருவரிடமும் போனான். யாரும் எதுவும் தரவில்லை. அவன் காது பின்னால் மடிந்தது, உடம்பு தரையோடு பதுங்கியது.

அந்தப் பயம் எனக்குத் தெரியும். காரியம் முடியாத வீட்டில் கவுச்சி கூடாது என்பதும் தெரியும். ஒரு பக்கம் மாமியார் வீட்டுச் சனம், மறுபக்கம் பூனை. பைக்குள் கைவிட்டு நெத்திலியை எடுத்து நீட்டினேன்.

வாசனை கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது.

“தீட்டு வூட்ல கருவாடா? மாப்ளக்கி கொஞ்சமாச்சும் அறிவிருக்கா?” சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டார். “ச்சு! கண்றாவி!”

ச்சு கொட்டிவிட்டாரே. இன்னொரு நெத்திலி கொடுத்தேன்.

ரேவதி தலையில் கைவைத்துக்கொண்டு “ச்சு” என்றாள். அதற்கும் ஒன்று.

அப்போதுதான் பெரியம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியும் அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. “அவுரு மட்டும் இருந்திருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பாரு,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்கிட்ட ஒண்ணு குடுங்க மாப்ள.”

அவர் ச்சு கொட்டி நீட்ட, வீரன் அவர் கையிலிருந்து தின்றான். வெந்துபோன அந்த முதுகைத் தடவவும் விட்டான். பெரியம்மா அன்றைக்கு ஒரு டம்ளர் காபி குடித்தார். எனக்கு அந்தக் கூடத்தில் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. (தட்டவில்லை. பூனை பயந்துவிடும்.)

துறைமுகப் பேச்சை ரேவதி அதன்பிறகு எடுக்கவேயில்லை. ஆனால் குடும்பத்தில் எங்கே துக்கம் என்றாலும், நான் நுழைந்ததும் யாராவது வந்து என் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறார்கள். நான் இருக்கும் கூடத்தில் ச்சு கொட்ட ஒருவருக்கும் தைரியமில்லை, பெருமூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரியம்மா மட்டும் போன் செய்யும்போதெல்லாம் கூப்பிடுகிறார்.

“பூனய இட்டுகினு வாங்க மாப்ள. வேல இருந்தா நீங்க வராட்டியும் பரவால்ல, அத மட்டும் பஸ்ல ஏத்தி வுடுங்க.”