பதினாறு தட்டு பிஸ்கட்

பேக்கிங்குக்கு வரும் நூறு பிஸ்கட்டில் பதினைந்து உடைந்திருந்தது. சனிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் உற்பத்தியை நிறுத்திவிடுவேன் என்று வியாழக்கிழமை காலையில் மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியருக்குப் பயத்தைவிட உற்சாகம்தான் அதிகம். சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு சோதனைக்காகக் காத்திருந்தவள் அவள்.

அடுப்பின் சூடு, மாவில் தண்ணீர், சர்க்கரை. மூன்றையும் மாற்றி மாற்றிப் பதினாறு தட்டு சுட வேண்டும். எது முதலில் என்று சீட்டுக் குலுக்கினாள். முதல் சீட்டில் அதிகச் சூடு, அடுத்ததில் குறைந்த சூடு, அதற்கடுத்து மறுபடி அதிகம். அடுப்புக்காரர் சீட்டுகளை நிதானமாகப் படித்தார்.

“மேடம், இது வீட்டு ஸ்டவ் இல்ல. சூட்டை மாத்தினா நிலைக்கு வர ரெண்டு மணி நேரம் ஆகும்.”

அன்று முழுக்க நான்கு தட்டுதான் முடிந்தது. மறுநாள் நேரத்தை மிச்சம் பிடிக்க, அடுப்புக் கதவைத் திறந்துவைத்து ஆறவிடச் சொன்னாள். வெளியே பாய்ந்த அனலில், தீயணைக்கும் குழாய்கள் கூரையிலிருந்து தண்ணீரைக் கொட்டத் தொடங்கின. இரண்டு மூட்டை மாவும், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மேனேஜரும் ஒன்றாக நனைந்தனர்.

ஈரத் தலையைத் துவட்டும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மாற்றக் கஷ்டமான சூட்டை எதற்குத் தட்டுக்குத் தட்டு மாற்ற வேண்டும்? ஒரு சூட்டை வைத்துவிட்டு, அதிலேயே தண்ணீரையும் சர்க்கரையையும் மாற்றி நான்கு தட்டு. பிறகு அடுத்த சூடு. இதையே இன்னொரு சுற்று. மொத்தமே நான்கு தடவைதான் அடுப்பைத் தொட வேண்டும். மூச்சு வாங்க ஓடிப் போய் அடுப்புக்காரரிடம் சொன்னாள்.

“நீங்க கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே,” என்றார் அவர்.

சனிக்கிழமை விடியலிலேயே ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தட்டையும் அடுப்பு வாயிலேயே வாங்கி, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு பேக்கிங் மேஜைக்கு ஓடினாள். சாயங்காலம் எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினாள். எந்தச் சூட்டிலும், எந்த மாவிலும், ஒன்றுகூட உடையவில்லை.

“அப்ப இத்தனை நாளா ஏன் உடைஞ்சுது?” என்றார் மேனேஜர்.

அவள் சீட்டுகளை மறுபடி புரட்டினாள். பேக்கிங் செய்யும் அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே திரும்பினாள்.

“இப்ப நீங்க கையில தூக்கிட்டு வந்தீங்க மேடம். மத்த நாள்ல பிஸ்கட்டு அடுப்புலேர்ந்து பெல்ட்டுல ஓடி வந்து, அதோட முனையிலேர்ந்து முழங்கால் உயரம் கீழ விழுந்துதானே எங்ககிட்ட வருது.”