லூசியானா விலைபோன கதை

ஆண்டு விழாவுக்கு இரண்டே நாள் இருந்தபோதுதான் மேடையில் பதினாறு செவ்விந்தியர்களுக்கு இடமில்லை என்பது தெரிந்தது.

அயனம்பாக்கத்துத் தனியார் பள்ளியில் லோகநாயகி வரலாற்று டீச்சர். 1803இல் பிரான்ஸிடமிருந்து லூசியானாவை அமெரிக்கா விலைக்கு வாங்கிய கதையை நாடகமாக எழுதியிருந்தார். ஒரு குண்டுகூட வெடிக்காமல் நாடு இரண்டு மடங்கான அந்த வியாபாரத்தின் மேல் அவருக்குப் பக்தியே உண்டு.

"செவ்விந்தியர்களைத் தூக்கிடுங்க" என்றார் தாளாளர் திருமுருகன்.

லோகநாயகி தூக்கினார். மறுநாள் காலை பதினாறு அம்மாக்கள் வாசலில் நின்றார்கள்.

"இறகு, பாசிமணி எல்லாம் வாடகைக்கு எட்துகினு வந்துகீறோம். இப்ப வேணாம்னா இன்னா டீச்சர் அர்த்தம்?" என்று பாய்ந்தார் அனுசுயா. இவர் மகள் யுவராணிதான் செவ்விந்தியத் தலைவி.

லோகநாயகி பதினாறு பேரையும் மரங்களாக்கி ஓரத்தில் நிறுத்தினார்.

"மரம் எதுக்கு மிஸ் வில்லு வெச்சிருக்கு?" என்றாள் யுவராணி.

அவள் வாயை அடைக்க ஒரு வசனம் கொடுத்தார். ஒத்திகையில் யுவராணி முன்னால் வந்து, "எங்க நிலத்தை விக்க நீ யாருடா?" என்று போட்ட கத்தலில் பிரான்ஸ் நடுங்கிப்போய், "சாரி, நான் விக்கல" என்றது. அமெரிக்கா அழ ஆரம்பித்தது.

"வசனம் கட்!" என்று சீறினார் லோகநாயகி. "அங்க இருந்தவங்களை எவன் கேட்டான்? விக்கறவன் வித்தான், வாங்கறவன் வாங்கினான். மரமா நில்லு!"

விழா நாளில் மரங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றன. பிரான்ஸ் கையெழுத்துப் போட்டது. முன்வரிசையில் தாளாளர் பக்கத்தில் இருந்த சஃபாரி சூட்காரர் எழுந்து நின்றே கைதட்டினார். லோகநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருட வேலையில் தன் வரலாற்றை ரசித்த முதல் மனிதர்!

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பியூன் நாகப்பனிடம் ஓடினார்.

"யாருப்பா அந்த சஃபாரி சூட்? சரித்திரம் படிச்சவரா?"

"அத்தெல்லாம் தெர்யாது டீச்சர். பில்டிங்கு, பெஞ்சி, டீச்சருங்கோன்னு நம்ம ஸ்கூலை மொத்தமா போன வாரமே வாங்கிட்டாரு!"