மாப்பிள்ளை கையில் பிளாட்டினம்

சேசு மரி சூசை

ஜீவனஹள்ளி, பெங்களூர்
1938 ஜூலை, திங்கட்கிழமை

அன்புள்ள தங்கை அல்போன்சாவுக்கு, அண்ணன் மதலைமுத்து அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கே நானும் என் முட்டிவலியும் கோழிகளும் சௌக்கியம். தங்கவயலில் நீயும் மச்சானும் நோராவும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நோராவின் கல்யாணம் நடக்கும். பயப்படாமல் மற்றதைப் படி.

தாய்மாமன் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் கட்டுவது நம் வழக்கம் அல்லவா. நம் மாப்பிள்ளை சிரிலோ பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். பிள்ளைகள் ஓடுவதை அளக்க, பொத்தானை அழுத்தினால் ஓடி மறுபடி அழுத்தினால் நிற்கிற முள் வைத்த சுவிஸ் வாட்சுதான் கட்டுவேன் என்று அவன் அத்தை பியாட்ரிஸிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். தாயில்லாத பிள்ளையை வளர்த்தவள், அவள் தலையசைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பே எரியும். வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கமர்ஷியல் தெருவில் ஓஸ்வால்ட் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஓஸ்வால்ட் எழுந்து நின்றான். ஆபீசர் மெஸ்ஸில் பட்லர் என்றால் சும்மாவா, கர்னல்களே என்னிடம் மணி கேட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள்.

ஒரே வாட்சு, மூன்று உலோகம். வெல்வெட்டில் வரிசையாக வைத்தான். மஞ்சள் தங்கம் கல்யாணக் களைதான், ஆனால் மிருதுவான சாதி, டிரில் மாஸ்டர் கையில் ஒரே மாசத்தில் கோடு கோடாகிவிடும். சிவப்புத் தங்கத்தில் செம்பு கலப்பு, எனக்கு அது சாயங்கால வெயில் மாதிரி இருந்தது, பியாட்ரிஸ் "துலக்காத சொம்பு" என்று தள்ளிவிட்டாள். மூன்றாவது பிளாட்டினம். அல்போன்சா, கையில் வாங்கியதும் என் தோளே இறங்கிவிட்டது. கறுக்காது, திராவகத்தில் போட்டாலும் சிரித்துக்கொண்டே வெளியே வரும், ருஷ்யாவில் ராஜாக்கள் அதில்தான் பல் குத்துவார்கள் என்று விளக்கினேன்.

"வெள்ளிதானே அண்ணே இது?" என்றாள் பியாட்ரிஸ்.

"வெள்ளியா? தங்கத்துக்கே பெரியண்ணன்மா இது."

"எந்த அண்ணனா இருந்தா என்னா, பாக்க வெள்ளி. தாய்மாமன் பொன் போட வக்கில்லாம வெள்ளி போட்டு அனுப்பிட்டாருன்னு நாலு பேர் பேசுவாங்க. ஆளாளுக்குப் போயி விளக்கம் சொல்வீங்களா?"

"சொல்றேன். எனக்கு வாய் இல்லையா?"

"சொல்லிக்கினே இருங்க. ஞாயித்துக்கிழமை கடைசி ஓலை வாசிக்கறப்ப நானும் எழுந்து நின்னு சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

சாமியார் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது ஒருத்தர் எழுந்து தடை சொன்னால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம். சிரில் வெளுத்துப் போனான். "மாமா, எனக்கு நோரா போதும். வாட்சே வேணாம். அத்தைய மட்டும் சும்னே உக்கார வைங்க" என்று என் காதில் சொன்னான். தங்கமான பையன்.

நான் விடுவேனா. சனிக்கிழமை ஓஸ்வால்டிடம் மறுபடி போய், பிளாட்டினத்தை ஒருநாள் பார்வைக்குக் கொடு என்று வாங்கி, ஜனங்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று மறுநாள் ஞாயிறு பூசைக்குக் கட்டிக்கொண்டு போனேன். நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் ஆண்களின் ஓரத்தில் நான், அந்தப் பக்கம் பெண்களின் ஓரத்தில் முக்காடும் முறைப்புமாக பியாட்ரிஸ். சாமியார் ஓலை வாசித்து, விக்கினம் அறிந்தவர்கள் வெளிப்படுத்தவும் என்று நிறுத்தினார். பியாட்ரிஸ் கையைத் தரையில் ஊன்றி எழப்போனாள். எனக்கு என்ன தோன்றியதோ, பாதையைத் தாண்டிக் கையை நீட்டி, அவள் மூக்குக்கு நேரே பொத்தானை அழுத்தினேன். முள் கிளம்பியது. அவள் கண்ணும் கூடவே கிளம்பியது.

"எங்க போவுது இது?" என்றாள், குரலை இறக்கி.

"நீயே நிறுத்திப் பாரும்மா. சரியா பன்னண்டுல நிறுத்திட்டா நீ சொன்னதுதான் சட்டம்."

அழுத்தினாள், தாண்டிவிட்டது. "இரு, இன்னொரு வாட்டி" என்றாள். அதுவும் தாண்டிவிட்டது. ஒருவழியாகப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டு அவள் நிமிர்ந்தபோது, சாமியார் கோவில் கிணற்றைத் தூர்வாருவது பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார். ஓலை முடிந்து போயிருந்தது.

வெளியே வந்ததும் பெண்டுகள் சூழ்ந்துகொண்டார்கள். வெள்ளி வாட்சா என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பியாட்ரிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "கண்ணு அவிஞ்சு போச்சா? பிளாட்டினம்டி இது. திராவகத்துல போட்டாலும் ஒண்ணும் ஆவாது. ருஷ்யால கேட்டுப் பாரு" என்றாள். அப்புறம் எனக்கு அங்கே வேலையே இல்லை.

ஆகையால் நீ தைரியமாகப் பலகாரத்துக்கு மாவு இடிக்கச் சொல். நோராவுக்கு என் முத்தம், மச்சானுக்கு என் தோத்திரம், அக்கம்பக்கத்தாருக்கு என் விசாரிப்பு. மாதா உங்கள் எல்லோரையும் தன் மேலங்கிக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு
உன் அண்ணன் மதலைமுத்து

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஓஸ்வால்ட் சைக்கிளில் வந்து இறங்கினான். பிளாட்டினம் அவன் கடை வாசலைத் தாண்டி வெளியே வந்ததே இல்லையாம். பார்வைக்கு என்று என்னிடம் தந்தது அதே அச்சில் செய்த துருப்பிடிக்காத இரும்பாம். நன்றாக யோசித்துப் பார்த்ததில், டிரில் மாஸ்டருக்கும் நமக்கும் இரும்புதான் பொருத்தம், ஆகையால் அதையே முடித்துவிட்டேன். கல்யாணத்தில் யாராவது என்ன உலோகம் என்று கேட்டால் நீயும் மச்சானும் வாயைத் திறக்க வேண்டாம். பியாட்ரிஸ் சொல்லிக்கொள்வாள்.