சிறுத்தைக்காக வாதாடிய காட்டு வக்கீல்

கறுப்புக் கோட்டு இல்லாமல், கட்சிக்காரர் வாயே திறக்காமல், வருஷம் முழுக்க வாதாடுகிற வக்கீல் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கீழ் கோத்தகிரியில் எங்கள் தெருவில் இருக்கிறார். எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் 'காட்டு வக்கீல்' என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும்.

ஒட்டடைக் குச்சியோடு அவர் கண்ணில் பட்டால் தொலைந்தோம். "ஏனுங்க, சிலந்தியத் தொரத்திட்டு கொசுவ நீங்க திம்பீங்களா?" என்று வழிமறிப்பார். ஒட்டடை மண்டிய அவர் வீட்டுக்குப் போய்வந்தால் என் மனைவி தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாள்.

எல்லா வழக்கிலும் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. அட்டைக்காக அவர் முழங்கிக்கொண்டிருந்தபோது, கட்சிக்காரரே அவர் கெண்டைக்காலில் ரத்தம் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்து ஒரு சிறுத்தையைப் பிடித்துப் போனார்கள். தெருவே கைதட்டியது. வக்கீல் மட்டும், "இனி பன்னிக்குட்டிய யாருங்க திம்பாங்க?" என்றார். சிரித்தோம். அடுத்த வருஷம் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து எங்கள் கேரட் தோட்டங்களை உழுதுவிட்டுப் போயின.

பிறகு சர்ச்சில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. விருந்துக்கு அறுத்த கோழிகளின் கழிவை, வழக்கம்போலத் தேயிலைச் சரிவில் கொட்டினோம். அதைத் தின்ன ஊர் நாயெல்லாம் கூடியது. நாயைத் தேடி வேறொரு சிறுத்தை வந்தது. அது கவ்விப் போனது வக்கீலின் ராணியை. மனைவி இறந்தபின் அவரோடு இருந்த ஒரே ஜீவன் அந்த நாய்தான். தினமும் அவர் தட்டில் முதல் கவளம் அதற்குத்தான்.

மறுபடி கூண்டு கேட்கலாமா என்று சர்ச் வாசலில் கூட்டம். எல்லோரும் கை தூக்கினோம். இந்த முறை அவரும் தூக்குவார் என்றுதான் நினைத்தோம். அவர் எழுந்து நின்றார்.

"அதுக்குப் பசிச்சுதுங்க. நாயையெல்லாம் கூட்டி வெச்சது நாம கொட்டுன கோழிக் குடலு. இதப் புடிச்சாலும் இன்னொண்ணு வரும். இல்லீன்னா பன்னி வரும். கழிவக் குழி வெட்டிப் பொதைங்க, போதும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ராணியக் கட்டாம உட்டது நானுங்க. கூண்டு வெக்கறதுன்னா எனக்கு வையுங்க."

என் கை தானாக இறங்கியது. ஒவ்வொன்றாக மற்ற கைகளும் இறங்கின. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

தனியாக விட மனமில்லாமல், அன்றைக்கு எங்கள் வீட்டுக்கே சாப்பிட இழுத்து வந்தோம். சாப்பாட்டில் கை வைத்ததும் அவர் முதல் கவளத்தை உருட்டித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். நான் பார்க்காதது போல ரசம் ஊற்றினேன்.