மாப்பிள்ளைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். வீட்டுக்குள் வந்த தண்ணீரும் வந்த வழியே போய்விட்டது. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். போன் அரிசி டப்பாவுக்குள் காய்ந்துகொண்டிருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். அன்று உங்களை நான் படுத்திய பாட்டுக்கு விளக்கம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் இதற்கெல்லாம் விதை போட்டது யார்? வங்கியில் வேலை பார்க்கும் நீங்கள்தானே! "மாமா, தெரியாத நம்பரை எடுக்காதீங்க, எடுத்தாலும் விலாசம் சொல்லாதீங்க, இப்பல்லாம் நம்ம குரல்லயே மெஷின் பேசுது" என்று மண்டையில் ஏற்றி, குடும்பத்துக்கென்று ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக் கொடுத்தீர்கள். நானோ காலமெல்லாம் பூட்டுக்கடை நடத்தியவன். எனக்குப் போய்ச் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்தால் கேட்கவா வேண்டும்? மழை கொட்டிய அன்று காலை ஒரு பெண் போன் செய்து, "ஐயா, வெள்ளக் கட்டுப்பாட்டு அறையிலேருந்து பேசறோம், ஏரி உடையற மாதிரி இருக்கு, வீட்டுல எத்தனை பேர், வயசானவங்க இருக்காங்களா, விலாசம் சொல்லுங்க" என்றாள். மாப்பிள்ளை சொன்ன மோசடிக்காரி இவளேதான் என்று முடிவு கட்டி, "உன் வேலையை வேற இடத்துல வெச்சுக்கோம்மா" என்று அந்த நம்பரையே பிளாக் செய்துவிட்டேன். எச்சரிக்கை மெசேஜ் வந்தது, அதையும் திறக்காமல் அழித்தேன். அப்புறம் டிவியில் நம் தெருமுனைப் பள்ளத்தில் இருக்கும் மருந்துக்கடையைக் காட்டினார்கள். பெயர்ப்பலகை மட்டும்தான் வெளியே தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் நம் வாசற்படியில் தண்ணீர், கரண்டும் போய்விட்டது.

உங்கள் அத்தையோ கட்டிலை விட்டு நகரவில்லை. "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் மாடி ஏறணுமா? வருஷா வருஷம் வர்ற மழைதானே, நீங்க வேணா போங்க" என்கிறாள். கெஞ்சினேன், கத்தினேன், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். தண்ணீர் கட்டில் காலைத் தொட்டுவிட்டது. அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவது? அந்த நேரம்தான் ஏதோ புது நம்பரிலிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, நான்தான்! டிவில பார்த்தேன், உடனே மாடிக்குப் போங்க!"

"நீங்கதான்னா ரகசியச் சொல்லைச் சொல்லுங்க."

"ஐயோ, அது மறந்துபோச்சு மாமா!"

வைத்தவருக்கே மறந்துபோனால் நான் என்ன செய்ய? "முதல் தடவை நம்ம வீட்டுக்கு வந்தப்ப எதைக் கொட்டினீங்க?" என்றேன். "காபி மாமா, உங்க சட்டையில" என்றீர்கள். "அது ஊருக்கே தெரியும், வேற ஆதாரம் இருக்கா?" என்றேன். அத்தை நடுவில் புகுந்து, "அது மாப்பிள்ளை குரல்தாங்க" என்றாள். குரலை மெஷின் செய்யும் என்று அவள் வாயை அடைத்துவிட்டு, ஆதாரம் இல்லாமல் அசைய மாட்டோம் என்று அறிவித்தேன். அப்போதுதான் நீங்கள் உடைந்து அழுதீர்கள். "மாமா, அத்தைக்கு முட்டி முடியாது, தண்ணி ஏறிட்டா படியேற முடியாது. எனக்கு அம்மான்னு இருக்கறது அவங்க ஒருத்தங்கதான்..."

உங்கள் அத்தை எழுந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "பிள்ளையை அழ வெச்சுட்டீங்களே, நீங்க எல்லாம் ஒரு மனுஷரா?" என்று திட்டிக்கொண்டே, என் தோளைப் பிடித்துப் படியேறிவிட்டாள். மேலே போனதும் லொகேஷன் அனுப்பச் சொன்னீர்கள். முதலில் என் மூக்கைத்தான் படமெடுத்து அனுப்பினேன், பிறகு ஒருவழியாகச் சரியானது வந்து சேர்ந்தது. நீங்கள் அதை மீட்புக்குழுவுக்கு அனுப்ப, படகு நேராக நம் மாடிச் சுவரருகே வந்து நின்றது. படகில் ஏறும்போதுதான் போன் தண்ணீரில் விழுந்தது.

இனி கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பேன். என் முட்டாள்தனமான சந்தேகத்தைப் பெரிதுபண்ணாதீர்கள். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
புத்தி கெட்ட மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை அத்தை படித்துப் பார்த்து, "சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போயிருக்கிறாள். இதை நீங்கள் மட்டும் படியுங்கள். 'மாமா' என்று வாய் திறந்தவுடனேயே நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் என் பேச்சுக்கு அசைய மாட்டாள், ஆனால் நீங்கள் அழுதால் தாங்க மாட்டாள். அதற்காகத்தான் கேள்வியை நீட்டிக்கொண்டே போனேன். தண்ணீர் ஏற ஏற, 'இந்த மனுஷர் இன்னும் அழ மாட்டேங்கிறாரே' என்று எனக்குத்தான் அழுகை வந்தது.